ஹாலோவீன் வாசல் சாமான்கள்: எது உழைக்கிறது, எது தண்டம்

அக்டோபர் பிறந்தாலே நம்மாட்கள் வாட்ஸ்அப் குழுவில் இந்தக் கேள்வி வந்துவிடும். ஹாலோவீனுக்கு வாசலில் என்ன வைக்கலாம், எது நாலு வருடம் தாங்கும், எதைப் பார்த்துப் பிள்ளைகள் நம் வீட்டுக்கு வருவார்கள்? துண்டு துண்டாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் மொத்தமாகவே எழுதிவிடுகிறேன். நாங்கள் இருப்பது அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், கொலம்பஸை ஒட்டிய புறநகரில். வேறு மாநிலத்தவர்கள் நேரக் கணக்கை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

அந்த நேரக் கணக்கைத்தான் யாரும் பார்ப்பதில்லை. இங்கே பெரும்பாலான ஊர்களில் டிரிக்-ஆர்-டிரீட், அதாவது பிள்ளைகள் வேடம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டு வருவது, மாலை 6 மணிக்கு ஆரம்பித்து 8 மணிக்கு முடிந்துவிடும். அக்டோபர் 31 அன்று கொலம்பஸில் சூரியன் மறைவதே ஆறரை மணி வாக்கில்தான். முன்பெல்லாம் அக்டோபர் கடைசி ஞாயிறே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள், ஹாலோவீனுக்கு ஆறு மணிக்கே இருட்டிவிடும். 2007-இலிருந்து அது நவம்பர் முதல் ஞாயிறுக்குப் போய்விட்டது. ஆக, தள்ளுவண்டிக் குழந்தைகளும் எல்கேஜி வயதுக் கூட்டமும் வருகிற முதல் அரை மணி நேரம் நல்ல வெளிச்சம். சுவரில் பேய் ஓட்டுகிற புரொஜெக்டர், ஊதா விளக்கு, மினுங்கும் கண் எதுவும் அவர்களுக்குத் தெரியவே தெரியாது. கடையில் இருட்டு மூலையில் வைத்துக் காட்டினால் எல்லாமே அழகுதான். பகல் வெளிச்சத்தில் எப்படி இருக்கும் என்று யோசித்து வாங்குங்கள்.

பகலில் எடுபடுவது காற்றடித்த பொம்மை. எங்களுடையது எட்டடிப் பேய், அடியில் சின்ன ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும், தெருமுனையிலிருந்தே பார்த்துவிட்டு ஓடி வருவார்கள். ஆனால் அதற்கு இங்கத்திய மழை ஆகாது. தலைப்பக்க மடிப்பில் தண்ணீர் தேங்கிவிட்டால் கனம் தாங்காமல் குப்புறக் கவிழ்ந்து, காலையில் பார்த்தால் புல்தரையில் ஈரத் துணி மூட்டையாகக் கிடக்கும். கூடவே தருகிற முளைகள் விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும், அவற்றை நம்பாமல் கூடாரத்துக்கு அடிக்கிற நீள இரும்பு முளை வாங்கிக்கொள்ளுங்கள். முக்கியமாக, ஈரத்தோடு மடிக்காதீர்கள். கராஜில் நன்றாக விரித்துக் காயவைத்துவிட்டுத்தான் பெட்டியில் போட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வருடம் திறக்கும்போது பூஞ்சை வாடை ஆளைத் தூக்கும். ஃபேன் போய்விட்டால் பொம்மையையே தூக்கி எறிய வேண்டாம், அடாப்டரில் எழுதியிருக்கிற வோல்ட், ஆம்பியர் பார்த்து அதே அளவில் மாற்று ஃபேன் தனியாகக் கிடைக்கிறது. எங்கள் பேய்க்கு இப்போது ஓடுவது மாற்று ஃபேன்தான், முதலில் இருந்ததைவிடச் சத்தம் குறைவு.

ஆள் கிட்டே வந்தால் அலறுகிற சூனியக்காரி பொம்மை தண்டம். சருகு பறந்தாலும் அலறும், பூனை போனாலும் அலறும், நடுராத்திரி ஒரு மணிக்கு அது தானாகச் சிரித்தால் பேட்டரியைப் பிடுங்க நாம்தான் போர்வையோடு எழுந்து போக வேண்டும். அதைவிட, மூன்று வயசுப் பிள்ளை படியேறி வரும்போது அது கத்தினால் பிள்ளை அழுதுகொண்டே திரும்பிவிடும், பின்னால் வருகிற அக்கா அண்ணன்மாரையும் அம்மா இழுத்துக்கொண்டு போய்விடுவாள். இப்போது சத்தத்தை அணைத்துவிட்டு வெறுமனே நிறுத்தி வைத்திருக்கிறோம்.

புகை விடுகிற ஃபாக் மெஷினும் அப்படித்தான். தண்ணீரும் கிளைக்கால் என்ற ரசாயனமும் கலந்த திரவத்தைச் சூடாக்கித்தான் புகை வருகிறது, சூடான புகை மேலே போகும், லேசாகக் காற்றடித்தால் பக்கத்து வீட்டுக்குப் போகும். தரையோடு தவழ வேண்டுமென்றால் ஐஸ் பெட்டி வழியாக விட வேண்டும், அது தனி வேலை. திரவத்தை உள்ளேயே விட்டு வைத்தால் அடைத்துக்கொள்ளும்.

2020-இல் ஹோம் டெப்போ கடை 299 டாலருக்கு இறக்கிய பன்னிரண்டு அடி எலும்புக்கூட்டைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். எதிர்வீட்டில் இருக்கிறது. பகலிலும் எடுபடுகிற சாமான், மறுக்கவில்லை. ஆனால் பதினோரு மாதம் அதை எங்கே வைப்பது? அதனால்தான் பலர் கழற்றாமலேயே டிசம்பரில் அதற்குக் கிறிஸ்துமஸ் தாத்தா தொப்பி போட்டு விடுகிறார்கள்.

பூசணியைச் செதுக்கி வைத்தால் ஒரு வாரம் தாங்கினால் பெரிது, வெயில் அடித்தால் அதுவும் இல்லை. செதுக்காத பூசணி வாரக்கணக்கில் இருக்கும், அணில் விட்டு வைத்தால். அம்மா வந்திருந்த வருடம் வாசலில் இருந்த வரிசையைப் பார்த்துவிட்டு, "ஏன்டா, திருஷ்டி கழிக்க இத்தனை எதுக்கு?" என்றார். உள்ளே தோண்டி எடுத்த சதையைக் கூட்டு வைத்தும் பார்த்தார், நாரும் தண்ணீருமாக ஒரு சத்தும் இல்லை. செதுக்கும் பூசணி வேறு, சமைக்கும் பூசணி வேறு. உள்ளே மெழுகுவர்த்திக்குப் பதில் பேட்டரி விளக்கு வையுங்கள், நீளமான ஆடையோடு பிள்ளைகள் உரசிக்கொண்டு போவார்கள்.

சரி, எங்கள் வீட்டுக்குப் பிள்ளைகளைத் திரும்பத் திரும்ப இழுப்பது எது என்றால், ஒரு குழாய். 2020 கொரோனா சமயத்தில் சின்சினாட்டியில் ஓர் அப்பா, படிக்கட்டுக் கைப்பிடியோடு நீளக் குழாயைக் கட்டி மேலிருந்து மிட்டாயை உருட்டி விட்டார், அந்தப் படம் எங்கும் பரவியது. நானும் ஹார்ட்வேர் கடையில் நாலு அங்குல வடிகால் குழாய் வாங்கி, ஆரஞ்சு பெயின்ட் அடித்துக் கருப்பு டேப்பைச் சுற்றிக் கட்டினேன். ஆறடி தள்ளி நிற்கிற காலமெல்லாம் போய்விட்டது, குழாயைக் கழற்ற முடியவில்லை. கீழே பையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், மிட்டாய் கடகடவென்று உருண்டு வந்து விழும், "இன்னொரு தடவை" என்பார்கள். இருட்டும் வேண்டாம், கரண்டும் வேண்டாம், சின்னப் பிள்ளையும் பயப்படாது. சிறு பாக்கெட் சாக்லேட் சரியாக இறங்கும், லாலிபாப் குச்சி சில சமயம் குறுக்கே மாட்டும்.

கரண்ட் விஷயம் ஒன்று. வெளிச் சுவர் பிளக் ஜிஎஃப்சிஐ வகை, கரண்ட் கசிந்தால் தானாகவே துண்டித்துக்கொள்ளும். எக்ஸ்டென்ஷன் வயர் இணைப்பு ஈரப் புல்லில் கிடந்தால் டக்கென்று கரண்ட் நின்றுவிடும், மொத்த அலங்காரமும் போய்விடும். இணைப்பைத் தரையிலிருந்து தூக்கிக் கட்டுங்கள். அப்புறம் என்ன வைத்தாலும் வாசல் விளக்கைப் போட மறக்காதீர்கள், அது அணைந்திருந்தால் இந்த வீட்டில் மிட்டாய் இல்லை என்றுதான் அர்த்தம், தாண்டிப் போய்விடுவார்கள்.

நீலப்பச்சை பெயின்ட் அடித்த பூசணி ஒன்றும் வையுங்கள். உணவு ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கு இங்கே ஸ்டிக்கர், பென்சில் மாதிரி தின்னாத பொருளும் உண்டு என்பதற்கான அடையாளம் அது, 2014-இலிருந்து ஃபேர் என்ற அமைப்பு நாடு முழுக்கக் கொண்டுபோகிறது. வேர்க்கடலை ஆகாத பிள்ளை நம் தெருவிலேயே இருக்கிறது.

பணம் போட வேண்டுமென்றால் சாதாரண சரவிளக்கில் போடுங்கள், மண்டையோடு எலும்பு எதுவும் இல்லாத வெறும் விளக்கு. 2024-இல் தீபாவளியே அக்டோபர் 31 அன்று வந்தது, ஒரே சரம் இரண்டுக்கும் ஆனது, கழற்றாமல் டிசம்பர் வரை ஓடியது. வாங்குகிற நாள் நவம்பர் 1, பல கடைகளில் பாதி விலை. காற்றுப் பொம்மை வாங்கினால் மட்டும் அங்கேயே பிளக்கில் செருகி எழுந்து நிற்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள், யாரோ திருப்பிக் கொடுத்த பெட்டியும் அந்த அடுக்கில் கலந்திருக்கும்.