மாநகராட்சி பிரசவ ஆஸ்பத்திரி: ஃபேன் சுற்றாது, ஆனால் அவசரப்படுத்த மாட்டார்கள்

தங்கச்சிக்கு முதல் பிரசவம். சென்னை காசிமேட்டில் இருந்து ஆட்டோவில் போகிற தூரத்தில் இருக்கும் மாநகராட்சி ஆஸ்பத்திரியில் பார்த்தோம். பேர் போடவில்லை. கீழே ஒரு பணப் புகார் இருக்கிறது, அதைப் படித்துவிட்டு யாராவது நன்றாக வேலை செய்த சிஸ்டரைப் போய் நிற்கவைத்துக் கேள்வி கேட்கப் போகிறார்கள்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். அந்த மூன்றரையும் லேபர் வார்டுக்குத்தான்.

சீரகக் கஷாயம் குடித்தும் வலி அடங்கவில்லை, இது சூட்டு வலி இல்லை என்று அம்மா ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்ப வைத்துவிட்டார். டியூட்டி சிஸ்டர் பார்த்துவிட்டு, "2 செ.மீ. தான் திறந்திருக்கு, வராண்டால நடங்க, பசிச்சா சாப்பிடுங்க" என்றார். அம்மாவுக்குக் கோபம், புள்ள துடிக்கிறா, நடக்கச் சொல்றாங்களே என்று. ஆனால் சிஸ்டர் சொன்னதுதான் சரி. கர்ப்பப்பை வாய் மெலிந்து மெதுவாகத் திறக்கிற அந்த ஆரம்பக் கட்டம், அதுவும் தலைப்பிரசவத்தில், எவ்வளவு நேரம் இழுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. 5 செ.மீ.க்குப் பிறகுதான் பிரசவம் சூடுபிடிக்கும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2018-ல் கொடுத்த வழிகாட்டுதல். மணிக்கு ஒரு செ.மீ. திறந்தே ஆக வேண்டும் என்ற பழைய கணக்கு எல்லாருக்கும் பொருந்தாது என்றும் அதில் இருக்கிறது. சூடுபிடித்த பிறகும் முதல் பிள்ளைக்கு 12 மணி நேரம் வரை ஆகலாம். தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிற வரைக்கும் யாரும் பதற வேண்டியதில்லை.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், எனக்கு நடந்தது வேறு. ஒரு தனியார் நர்சிங் ஹோம், ஏசி ரூம், டிவி, எல்லாம் ஜோர். போனதும் டிரிப்ஸ் ஏற்றினார்கள், எதற்கு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, சாயங்காலம் "முன்னேற்றம் இல்லை" என்று தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அந்த ஆபரேஷன் தேவைப்பட்டதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் தனியார் ஆஸ்பத்திரிப் பிரசவங்களில் கிட்டத்தட்ட 64 சதவீதம் சிசேரியன், அரசு ஆஸ்பத்திரிகளில் 36. சிசேரியன் கூடாது என்று சொல்ல வரவில்லை. பிள்ளையின் இதயத் துடிப்பு இறங்கினால் அதுதான் உயிரைக் காப்பாற்றும். ஏன் செய்கிறோம் என்று படுத்திருக்கிறவளிடம் சொல்ல வேண்டுமா இல்லையா, அவ்வளவுதான் என் கேள்வி.

இங்கே சொன்னார்கள். கூட ஒரு பெண் துணை இருக்கலாம் என்பதால் நான் கடைசி வரை உள்ளேயே இருந்தேன். சிஸ்டர் அரை மணிக்கு ஒருமுறை டாப்ளர் கருவி வைத்துப் பிள்ளையின் துடிப்பு கேட்டு சார்ட்டில் எழுதினார், முக்குகிற நேரம் வந்ததும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை. தங்கச்சிக்கே உந்துதல் வருகிற வரைக்கும் "முக்கு முக்கு" என்று யாரும் கத்தவில்லை. பிள்ளை வெளியே வந்ததும் துடைத்து அவள் நெஞ்சிலேயே போட்டார்கள், தொப்புள்கொடியை உடனே வெட்டாமல் கொஞ்சம் விட்டுத்தான் வெட்டினார்கள். ரத்தப்போக்கு அதிகமாகாமல் இருக்கத் தொடையில் ஊசி, அப்புறம் நஞ்சுக்கொடி வந்தது, அது முழுசா வந்திருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால். ஒவ்வொன்றுக்கும் முன்னால் "இப்ப இது பண்றோம்மா" என்று ஒரு வார்த்தை.

ஒன்றைத் தவிர. பிள்ளை வருகிற வாயில் தையல் விழுகிற மாதிரி வெட்டினார்களே, அதற்கு மட்டும் கேட்கவில்லை. எல்லாருக்கும் வழக்கமாக வெட்டுவது தேவையில்லை என்றுதான் மேலே சொன்ன வழிகாட்டுதலும் சொல்கிறது. மல்லாக்கப் படுத்துத்தான் பெற வேண்டும் என்பதும் எனக்குப் பிடிக்கவில்லை, அவள் உட்கார்ந்துகொள்கிறேன் என்று கெஞ்சினாள்.

மற்றதெல்லாம் வார்டு லட்சணம். ஃபேன் பேருக்குத்தான், கொசுவத்தி கொண்டுபோங்கள், கழிவறைக்கு விடிகாலையில் போனால்தான் உண்டு. பணப் புகார் இதுதான்: பிள்ளையைத் தூக்கிக் காட்டிய ஆயாம்மா வாசலிலேயே கை நீட்டினார். பையன் என்றால் ஒரு ரேட், பெண் என்றால் கம்மி. எங்களுக்குப் பெண். "பரவால்லம்மா, கொடுக்கறதக் கொடு" என்று ஆறுதல் சொல்கிற தொனியில் கேட்டார் பாருங்கள், அதற்கே அரை நட்சத்திரம் வெட்டினேன். இலவச ஆஸ்பத்திரி, ஒரு ரூபாய் கூடக் கொடுக்க வேண்டியதில்லை, கொடுக்காதீர்கள்.

முக்கியமான விஷயம், ராத்திரியில் இங்கே ஆபரேஷன் கிடையாது. சிக்கல் என்றால் ராயபுரத்தில் இருக்கும் அரசு பிரசவ ஆஸ்பத்திரியான ஆர்.எஸ்.ஆர்.எம்.முக்கோ ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்கோ அனுப்பிவிடுவார்கள். பிபி, சுகர், இரட்டைப் பிள்ளை என்று ஏற்கெனவே தெரிந்தவர்கள் முதலிலேயே ராயபுரத்தில் காட்டிக்கொள்வது நல்லது. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரி வரிசை கட்டி நிற்கிற நேரத்தில் ஆம்புலன்ஸும் சேர்ந்துதான் நிற்கும். பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் போனாலோ, பிள்ளை அசைவு குறைந்தாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ கஷாயம் வைத்துக்கொண்டு உட்காராமல் உடனே கிளம்புங்கள்.

பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுக்கிற எண்), ஆதார், பேங்க் பாஸ்புக் ஜெராக்ஸ் கையோடு இருக்கட்டும். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய்க்கும் (ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து) பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த பிக்மி எண்தான் ஆதாரம். வீட்டுக்குக் கொண்டுபோய் விட 102 வண்டி இலவசம். டிஸ்சார்ஜ் அன்றைக்கு எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வண்டி வேண்டியிருக்கிறது, காலையிலேயே சொல்லி வையுங்கள்.