கோஃப்மேன் ரூட்டா, ராப் லீ ரூட்டா?

ரஷ்ய ராணுவத்த ஸ்டடி பண்றதே முழுநேர வேலைன்னு இருக்கறவங்கள்ல மைக்கேல் கோஃப்மேன், ராப் லீ ரெண்டு பேரையும் எடுத்துக்கலாம், வந்த வழி சுத்தமா வேற வேற. இந்த வேலைக்கு வரணும்னு நினைக்கறவங்க யார் ரூட்ல போறதுன்னு பாக்கலாம்.

கோஃப்மேன் கீவ்ல பிறந்து அமெரிக்கா போனவரு, சிஎன்ஏங்கிற ஆய்வு நிறுவனத்துல பல வருஷம், அங்க ரஷ்யா பிரிவுக்கே டைரக்டர், 2023ல கார்னகிங்கிற இன்னொரு ஆய்வு நிறுவனத்துக்கு மாறிட்டாரு. இந்த ரூட்ல மாசச் சம்பளம் இருக்கு, டீம் இருக்கு, ரஷ்ய ராணுவப் பத்திரிகைய எல்லாம் உக்காந்து படிக்க நேரம் இருக்கு. என்ன, ரிப்போர்ட்னு ஒன்னு எழுதினா அது பல கை மாறி வெளிய வர்றதுக்குள்ள பாதி பழசாயிடும்.

லீ அமெரிக்க மரைன் படைல இன்ஃபன்ட்ரி (காலாட்படை) ஆபிசரா இருந்தவரு, அப்புறம்தான் லண்டன் கிங்ஸ் காலேஜ்ல படிப்பு, நடுவுல மாஸ்கோலயும் கொஞ்ச நாள். உக்ரைன் போருக்கு முன்னாடி, 2021 கடைசில ரயில்ல ரஷ்ய ராணுவ டாங்க் ஏத்திட்டு போற டிக்டாக் வீடியோவையெல்லாம் தோண்டி எடுத்து எந்த யூனிட் எங்க நகருதுன்னு ட்விட்டர்ல போட்டுட்டே இருந்தாரு, பேரு அதுலதான் பரவுச்சு. ஆனா இதுல தப்பா ஒரு வீடியோவ நம்பிட்டா ஊரே பாக்க மானம் போகும், தூக்கமும் கிடையாது.

எனக்கு லீ ரூட்தான் பிடிக்கும், குடும்பம் இருந்தா கோஃப்மேன் ரூட்னு சொல்லுவேன். ரஷ்ய மொழி தெரியாம ரெண்டு ரூட்டுமே ஓடாது, கூகுள் ட்ரான்ஸ்லேட்ட நம்பி இறங்காதீங்க. 2022ல போர் ஆரம்பிச்சதுக்கு அப்புறம் ரெண்டு பேரும் உக்ரைன் ஃப்ரண்ட்லைன் பக்கம் போய் யூனிட்டுங்ககிட்ட நேர்ல பேசிட்டு வந்துதான் எழுதறாங்க.