வன்னிப் புழுதிக்கு இந்தக் கமராத் துப்புரவுப் பை போதுமா?

யாழ்ப்பாணத்துக் கமராக் கடைகளிலும், கொழும்பிலிருந்து பார்சலில் அனுப்பும் இணையக் கடைகளிலும் ஒரே உருவத்தில் பல பெயர்களோடு ஒரு சின்ன சிப் பை விற்கிறார்கள். உள்ளே காற்று ஊதும் றப்பர் புளோவர் ஒன்று, தூரிகை, இரண்டு முனையுள்ள கரிப் பேனை, மைக்ரோஃபைபர் துணி, மெல்லிய தாள் கட்டு, தெளிக்கும் போத்தலில் திரவம், தனித்தனி உறையில் அடைத்த சென்சர் சுவாப்புகள், அதாவது கமராவுக்குள் படம் பதியும் சென்சரைத் துடைக்கும் தட்டைக் குச்சிகள். பெயர் மாறினாலும் சாமான் அநேகமாக ஒன்றுதான். வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம். ஆனால் உள்ளே இருப்பதில் பாதியைத்தான் லென்ஸுக்கும் சென்சருக்கும் கிட்டக் கொண்டுபோகலாம். எந்தப் பாதி என்பதை எங்கள் மண்தான் தீர்மானிக்கிறது.

கொழும்பில் ஒருவர் லென்ஸைச் சேட்டு நுனியால் துடைத்துவிட்டுத் தப்பிவிடலாம். வன்னியில் அப்படி முடியாது. ஏ9ஐ விட்டு உள்தெருவில் இறங்கினால் கிரவல்தான். வைகாசி தொடங்கி ஆவணி தாண்டும்வரை சோளகம் அடிக்கும் காலத்தில் ஒரு ட்ரக்டர் போனாலே செம்புழுதி அரை மணித்தியாலம் அந்தரத்தில் நிற்கும். அந்தப் புழுதியில் குவார்ட்ஸ் மணல் கலந்திருக்கிறது. மோஸ் அளவையில் குவார்ட்ஸின் கடினம் 7. லென்ஸ் கண்ணாடிகள் பெரும்பாலும் அதற்குக் கீழே. கண்ணாடிக்கு மேலுள்ள பூச்சோ ஒரு மயிரின் தடிப்பில் நூற்றிலொரு பங்குகூட வராது. காலபோக அறுவடையில் மெசின் ஓடும் வயலுக்குப் படமெடுக்கப் போகிறவர்கள் உமித்தூசியையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும், ஏனென்றால் உமியில் சிலிக்கா நிறைய உண்டு. இப்படிப்பட்ட தூசியின் மேல் துணி வைத்து அழுத்தினால் அது துடைப்பதல்ல, அரம் போடுவது. அதனால் முதலில் காற்று, பிறகு நல்ல தூரிகையின் மயிர், கடைசியில்தான் துணி. இந்த வரிசை மாறவே கூடாது.

பையில் முதலில் பார்க்க வேண்டியதும் அதனால் புளோவரைத்தான். கூட வருவது தேசிக்காயைவிடக் கொஞ்சம் பெரிய பந்து. ஜியோட்டோஸ் ரொக்கெட் போன்ற பெரிய புளோவர் 19 சென்ரிமீற்றர் நீளம். ஒரு அழுத்தலில் அது தரும் காற்றுக்கு இந்தச் சின்னப் பந்தை மூன்று நான்கு தடவை அழுத்த வேண்டும். ஆனாலும் வேலை நடக்கும். அளவைவிட முக்கியமானது வால்வு. கடையிலேயே சோதிக்கலாம்: பந்தை அமுக்கி, மூக்கை விரலால் அடைத்துக்கொண்டு கையை விடுங்கள். பந்து தானாக நிரம்பினால் காற்று உள்ளே வரத் தனி வழி இருக்கிறது. நசுங்கியபடியே நின்றால் மூக்கு வழியாகத்தான் அது மூச்சு எடுக்கிறது. கமராவிலிருந்து கிளப்பிய தூசியை உள்ளே இழுத்து, அடுத்த அழுத்தலில் சென்சர் மேலேயே திருப்பித் துப்பும். அதை வாங்காதீர்கள்.

வால்வு சரி என்றாலும் புதுப் பந்தை நேரே சென்சருக்குக் காட்டக் கூடாது. சில பந்துகளுக்குள் தயாரிப்பின்போது தூவிய வெள்ளை மா இருக்கும். கறுப்புத் துணி ஒன்றின்மேல் முப்பது தடவையாவது ஊதிப் பாருங்கள். வெள்ளை தெரிந்தால் மூக்கைக் கழற்றி, பந்தை உள்ளே அலசி, நிழலில் முற்றாகக் காயவிட்டுப் பாவிக்க வேண்டும். உள்ளே ஒரு துளி ஈரம் மிஞ்சினாலும் அது சென்சருக்குப் போகும்; அவசரப்பட வேண்டாம். ஊதும்போது கமராவின் வாய் நிலத்தைப் பார்க்க வேண்டும், அப்போதுதான் கிளம்பும் தூசி கீழே விழும். புளோவரின் மூக்கு செருகி வைத்ததுதான், ஒட்டியதல்ல; பலமாக அமுக்கினால் கழன்று பாயும். இரண்டு விரலால் அதைப் பிடித்துக்கொண்டு, லென்ஸ் பொருத்தும் வளையத்துக்கு வெளியே நின்றே ஊதுங்கள். மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் வெயிலில் கிடந்தால் மலிந்த றப்பர் பிசுபிசுத்துப் போகும், வீட்டிலேயே வையுங்கள்.

புளோவருக்குப் பதில் வேறு காற்றுத் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். ரயர் கடைக் கொம்பிரசர் வேண்டவே வேண்டாம்: அதன் காற்றோடு எண்ணெயும் தண்ணீரும் வரும், அமுக்கமும் சென்சருக்கு முன்னால் திறந்து மூடும் சட்டரைக் கிழிக்கும் அளவு. ரின்னில் அடைத்து விற்கும் காற்றுக்குள் இருப்பது திரவமாக்கிய வாயு. ரின்னைச் சரித்தால் அந்தத் திரவமே குளிர்ந்து பாய்ந்து கறையை விட்டுப் போகும். வாயால் ஊதினால் எச்சில் துளி.

இந்தப் பையோடு வரும் தூரிகையை நான் லென்ஸுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். மயிர் உதிர்கிறது, அடிப்பசையும் திடமில்லை. உடலுக்கு நல்லது: டயல் இடுக்கு, பிளாஷ் செருகும் தண்டவாளம், பற்றரி மூடியின் ஓரம். மயிரை விரலால் தடவிப் பார்க்கும் பழக்கத்தை விடுங்கள். விரலிலுள்ள எண்ணெய் மயிருக்குப் போய், மயிரிலிருந்து கண்ணாடிக்குப் போகும்.

கரிப் பேனை கனடாவில் உருவான லென்ஸ்பென்னின் பிரதி. அசலில் ஒரு முனையில் உள்ளிழுக்கும் தூரிகை, மறுமுனையில் கரித்தூள் ஏற்றிய மெத்தை. மூடியைப் பூட்டியபடி திருகினால் மெத்தை மீண்டும் கரி பூசிக்கொள்ளும். விரல் அடையாளத்துக்கு இதைவிட விரைவான வேலைக்காரன் இல்லை. திரவம் வேண்டாம், நடுவிலிருந்து வெளியே சுற்றிச் சுற்றி வந்தால் போதும். பிரதிகளில் பார்க்க வேண்டியது மெத்தை: லென்ஸின் வளைவுக்கு வளைந்து கொடுக்க வேண்டும். கட்டையாக நின்றால் விளிம்பு கண்ணாடியில் உரசும். புழுதி ஊதாத லென்ஸில் பேனையை வைத்தால் ஒரு மணல் மெத்தையில் ஏறிவிடும், அதன்பிறகு அந்தப் பேனை தொடும் ஒவ்வொரு லென்ஸிலும் கீறல்தான். அப்படி ஆன பேனையை எறிந்துவிடுங்கள். லென்ஸுக்கான பேனையைச் சென்சருக்குக் கொண்டு போகவும் கூடாது.

துணி பரவாயில்லை. பாவிக்க முதல் ஒருக்கால் மெதுவான சவர்க்காரத்தில் கழுவி நன்றாக அலசுங்கள். உடுப்பை மென்மையாக்கும் திரவம் போட்டால் துணியே லென்ஸில் எண்ணெய் பூசும். தாள் கட்டைக் கண்ணாடிப் பெட்டி துடைக்க வைத்துக்கொள்ளலாம்.

திரவம்தான் பையின் பலவீனம். என்ன கலந்தது என்று போத்தலில் எழுதியிருப்பதில்லை. வாசனை போட்ட தண்ணீர் போலிருக்கிறது, காய்ந்தபின் படலம் விடுகிறது. அதை ஊற்றிவிட்டு, 99 வீத ஐசோபுரொப்பைல் அல்ககோல் சிறு போத்தலாக வாங்குவது நல்லது. பார்மசியில் கேட்கும்போது கவனம்: சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டைத் தந்துவிடுவார்கள். பிரிட்டிஷ் முறைப்படி செய்த ஸ்பிரிட்டில் ஆமணக்கெண்ணெயும் சேரும், அது தோலுக்கு நல்லது, கண்ணாடிக்கு அல்ல. எந்தத் திரவமென்றாலும் துணியில் இரண்டு துளி. லென்ஸில் நேரே தெளித்தால் முன் கண்ணாடியின் ஓரத்தால் உள்ளே இறங்கும். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் படமெடுத்தவர்களின் லென்ஸில் கற்பூரக் கரியும் புகையும் சேர்ந்து நெய்ப்படலம் போலப் படியும். அதற்கு அல்ககோல் துணி சரி. முல்லைத்தீவுக் கரையில் நின்றால் படிவது உப்பு, அது அல்ககோலில் கரையாது. மெல்லிய துணியைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் நனைத்து, இறுகப் பிழிந்து, கமரா உடலையும் லென்ஸ் குழலையும் துடைத்துவிட்டு உடனே உலர்ந்த துணி. வாகனப் பற்றரிக்கு விடும் தண்ணீரே போதும், அசிட் போத்தலை மாறி எடுத்துவிடாதீர்கள். கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் சவர்த்தண்ணீர், காய்ந்தால் வெள்ளைத் திட்டு விடும். உப்பை அடுத்த நாளைக்கு விடவும் கூடாது: காற்றின் ஈரப்பதன் 75 வீதம் தாண்டினால் உப்பு தானே தண்ணீர் இழுத்துக் கரைந்து இணைப்பு ஊசிகளை அரிக்கும்.

இனிச் சுவாப். பையின் விலைக்கு உண்மையான பெறுமதி இதில்தான், பயமும் இதில்தான். முதலில் தேவையா என்று பாருங்கள். லென்ஸின் துவாரத்தை எஃப் 16இலும், ஒளி உணர்திறனை ஐஎஸ்ஓ 100இலும் வைத்து, லென்ஸைக் குவியம் தவறவிட்டு வெளிர் வானத்தை எடுங்கள். கறுப்புப் புள்ளி தெரிந்தால் சென்சரில் தூசி. ஒழுங்கற்ற வடிவமென்றால் அநேகமாகக் காய்ந்த தூசி, புளோவரே எடுத்துவிடும். வட்டமாக, விளிம்பில் வளையம் போலத் தெரிந்தால் எண்ணெய்த் துளி, அதற்குச் சுவாப்தான். 2012இல் வந்த நிக்கோன் டி600 கமரா இந்தப் புள்ளிகளாலேயே பேர்கெட்டது. அடுத்த ஆண்டே டி610 வந்தது. இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு கணக்கு: கமராவை நிமிர்த்தி, உங்கள் முகத்துக்கு நேரே சென்சரைப் பார்த்தால் மேல் கீழ் மட்டும்தான் மாறும். படத்தில் மேலே இடப்பக்கம் தெரியும் புள்ளி, சென்சரில் கீழே இடப்பக்கம் இருக்கும்.

சுவாப்பின் அளவு பிழைத்தால் எல்லாம் பிழைக்கும். ஃபுல் ஃபிரேம் எனும் பெரிய சென்சரின் உயரம் 24 மில்லிமீற்றர், அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சர் ஏறக்குறைய 15 முதல் 16. கடைக்காரர் கேட்காமலே 24ஐத் தருவார். அதை ஏபிஎஸ்-சி கமராவுக்குள் விட்டால் பக்கச் சுவரில் இடிக்கும். அங்கே கிறீஸ் இருந்தால் அதை வழித்துக்கொண்டு வந்து சென்சரில் பூசும். மறுபக்கம், 16ஆல் ஃபுல் ஃபிரேமை இரண்டு தடவையில் துடைத்தால் நடுவில் கோடு விழும்.

பற்றரி முழுதாக ஏறியிருக்க வேண்டும். சென்சருக்கு முன்னால் மிரர் உள்ள டிஎஸ்எல்ஆர் என்றால் மெனுவில் கையால் துப்புரவு செய்யும் தெரிவை எடுத்து மிரரை மேலே பூட்டுங்கள். இடையில் பற்றரி இறங்கினால் மிரர் சுவாப்பின் மேலேயே விழும். மிரர் இல்லாத மிரர்லெஸ் கமராவில் சென்சர் முன்னாலேயே நிற்கும், ஆனால் சில மொடல்கள் நிற்பாட்டியதும் சட்டரை மூடும், எனவே கைநூலைப் பாருங்கள். மின்விசிறியை நிற்பாட்டி, யன்னலைச் சாத்தி, நிலத்தை ஈரத்துணியால் துடைத்து அரை மணித்தியாலம் விட்டபின் தொடங்குங்கள். மாரியில் மழை ஓய்ந்த காலைப்பொழுது இதற்குத் தோதானது, புழுதி படுத்திருக்கும்.

முதலில் ஊதுங்கள். பிறகு சுவாப்பின் விளிம்பில் சென்சர் திரவம் இரண்டு துளி, ஊறும்வரை சில செக்கன். திரவமாகப் பையின் தெளிப்பான் ஒருபோதும் வேண்டாம். எக்லிப்ஸ் போன்ற தூய மெதனோல் திரவம் கறை விடாமல் பறக்கும். எளிதில் தீப்பற்றும் என்பதால் வெளிநாட்டிலிருந்து விமானப் பார்சலில் வருவது கடினம், உள்ளூர்க் கடையில் சொல்லி வைக்க வேண்டும். நஞ்சும்கூட, பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். சுவாப்பை ஒரு ஓரத்தில் வைத்து, தண்டு மெல்ல வளையும் அளவு அழுத்தத்தில், நிறுத்தாமல் மறு ஓரம்வரை ஒரே இழுவை. மறுபக்கம் திருப்பி, திரும்பி ஒரு இழுவை. அவ்வளவுதான், அந்தச் சுவாப் முடிந்தது. சிக்கனம் பார்த்து இரண்டாம் தரம் பாவிப்பதுதான் கீறலுக்கு முதற்காரணம். ஓரத்தில் வளைகோடு தெரிந்தால் திரவம் கூடிவிட்டது. அடுத்த சுவாப்பில் ஒரு துளி குறையுங்கள். நீங்கள் தொடுவது சென்சருக்கு மேலுள்ள வடிகட்டிக் கண்ணாடியைத்தான், ஆனாலும் அது கீறினால் கொழும்புக்கு அனுப்பி மாற்ற வேண்டிவரும், அந்தச் செலவில் இன்னொரு லென்ஸே வாங்கலாம்.

உறை சரியாக ஒட்டாத சுவாப்புகளும் இந்தப் பைகளில் வருகின்றன. டோர்ச் வெளிச்சத்தைச் சரித்துப் பிடித்து விளிம்பைப் பாருங்கள். நூல் தெரிந்தால் ஒதுக்கி, வியூஃபைண்டர் துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

பையில் இல்லாத, ஆனால் ஐப்பசிக்கு முதல் கட்டாயம் வாங்க வேண்டிய ஒன்று சிலிக்கா ஜெல். கோடையில் புழுதி செய்வதை மாரியில் பூஞ்சணம் செய்யும், அதுவும் லென்ஸுக்கு உள்ளே. றப்பர் விளிம்புள்ள சாப்பாட்டுப் பெட்டி ஒன்று, சின்ன ஈரமானி ஒன்று, 40 முதல் 50 வீதத்துக்குள் நிற்குமளவு ஜெல். செம்மஞ்சள் மணி பச்சையானால் ஈரம் நிறைந்துவிட்டது; ஓவனில் 110 பாகை அளவில் இரண்டு மணித்தியாலம் வைத்தால் நிறம் திரும்பும். நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகும் வகையில் கோபால்ட் உண்டு, சமையல் பாத்திரத்தில் சூடாக்க வேண்டாம். அரிசிப் பொட்டலம் மாத்தூசியைத்தான் தரும். பூச்சி உருண்டையின் ஆவி கண்ணாடியில் படியும். தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், லென்ஸை அதிலிருந்து எடுத்துவிட்டே பெட்டிக்குள் வையுங்கள்.