மன்றோவும் எல்லிசும்

சென்னைத் தீவுத்திடலருகே குதிரைமேல் அமர்ந்திருக்கும் தாமஸ் மன்றோவைத் தெரியாதவர் குறைவு. அவரைப் போலவே சென்னை மாகாணத்தில் ஆங்கிலேய அதிகாரியாகப் பணியாற்றிய பிரான்சிஸ் வைட் எல்லிசுக்கு அப்படியொரு சிலை இல்லை.

மன்றோ 1780இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைவீரராக வந்தவர். 1792 முதல் ஏழாண்டுகள் பாராமகாலில், இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில், வரி வசூலைக் கற்றார். இடைத்தரகராக ஜமீன்தார் வேண்டாம், உழுபவரிடமே நேரடியாக வரி பெறலாம் என்ற ரயத்துவாரி முறையை நிலைநிறுத்தினார். 1820இல் சென்னை மாகாண ஆளுநரானார், 1827இல் இன்றைய ஆந்திரத்திலுள்ள பத்திகொண்டாவில் காலராவால் இறந்தார். உழவரை மதித்தவர்தான், ஆனாலும் அவர் வசூலித்தது கம்பெனிக்கான வரி. அதை மறக்க என்னால் இயலவில்லை.

எல்லிஸ் 1796இல் கம்பெனியின் எழுத்தராக வந்து, 1810இல் சென்னையின் கலெக்டரானார். தமிழும் தெலுங்கும் சம்ஸ்கிருதத்தில் பிறந்தவையல்ல, தனிக் குடும்பம் என்று 1816இலேயே சான்றுகளோடு எழுதினார். இதே கருத்தை விரிவாக நிறுவிய கால்டுவெல்லின் திராவிட மொழி ஒப்பிலக்கணம் வந்தது நாற்பது ஆண்டுகள் கழித்து! குறளை மொழிபெயர்க்கவும் தொடங்கினார்.

1818இல் சென்னையில் குடிநீர்த் தட்டுப்பாடு வந்தபோது கிணறுகள் வெட்டுவித்தார். ராயப்பேட்டைக் கிணற்றருகே அவர் நட்ட கல்வெட்டு தமிழ்ச் செய்யுளில் இருக்கிறது. அதற்குள் நாட்டுக்கு நீர்வளம் வேண்டும் என்று சொல்லும், ‘இருபுனலும்’ எனத் தொடங்கும் குறளையும் பொறிக்கச் செய்திருக்கிறார். கிணற்றுக்கு வள்ளுவரைச் சாட்சி வைத்த கலெக்டர்! 1819இல் இராமநாதபுரத்தில், நாற்பதைக் கடந்த வயதில், தவறுதலாக நஞ்சுண்டு இறந்தார்.

ஆட்சியின் வீச்சில் மன்றோ பெரியவர். எனக்கு நெருக்கமானவர் எல்லிஸ்.