இரண்டா, நான்கா? சப்வூஃபர்களை எங்கே வைத்தால் பாஸ் சீராகும்

ஒரே ஒரு சப்வூஃபரை, அதாவது பாஸ் எனும் ஆழ்ந்த ஒலிக்கு மட்டுமான ஸ்பீக்கர் பெட்டியை, மூலையில் வைத்த அறையில் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தவருக்கு நெஞ்சு அதிரும். நடுவில் இருப்பவர் "பாஸே வரலையே" என்பார். இருவர் சொல்வதும் உண்மை. 5 மீட்டர் நீளமுள்ள அறையில், முன்சுவருக்கும் பின்சுவருக்கும் நடுவே மோதித் திரும்பும் ஒலி சுமார் 34 ஹெர்ட்ஸில் நிலை அலையாக நின்றுவிடும். சுவரோரம் ஒலி உச்சம், அறையின் நடுவில் ஒலி குறையும் பள்ளம். அகலம் 4 மீட்டர் என்றால் அந்தத் திசையில் இதே தொல்லை 43 ஹெர்ட்ஸில். ஒலியின் ஏற்ற இறக்கத்தைத் திருத்தும் ஈக்வலைசரால் பள்ளத்தை நிரப்பப் பார்ப்பது வீண்வேலை. 6 டெசிபல் ஏற்ற ஆம்ப்ளிஃபயர் 4 மடங்கு சக்தி கொடுக்க வேண்டும். பள்ளம் அசையாது, மற்ற இருக்கைகளில்தான் குமுறல் கூடும்.

ஆக, இரண்டாவது சப்வூஃபரை நான் சத்தத்துக்காக வாங்கச் சொல்ல மாட்டேன். முதலாவது கிளப்பிவிடும் அலையை அடக்குவதுதான் அதன் வேலை.

பெரும்பாலானோர் இரண்டையும் முன்சுவரின் இரு மூலைகளில் வைக்கிறார்கள். பார்க்க அழகு, வயரும் மிச்சம். அகலவாட்டு அலை இடப்பக்கம் ஏறும்போது வலப்பக்கம் இறங்கும். இரு பக்கமும் ஒரே நேரத்தில் தள்ளினால் அது எழவே முடியாது; 43 ஹெர்ட்ஸ் அடங்கிவிடும். ஆனால் நீளவாட்டு அலையை இரண்டும் ஒரே முனையில் சேர்ந்து தள்ளுகின்றன. 34 ஹெர்ட்ஸ் பள்ளம் அப்படியே இருக்கும். முன்சுவரை விட்டால் வேறு வழியில்லை என்றால், மூலையிலிருந்து அகலத்தில் கால் பங்கு, இந்த அறையில் 1 மீட்டர், உள்ளே தள்ளி வையுங்கள். அகலவாட்டில் இரண்டாவது அலையும் (86 ஹெர்ட்ஸ்) அடங்கும்.

ஒன்றை முன்சுவரின் நடுவிலும் மற்றதைப் பின்சுவரின் நடுவிலும் வைப்பது இதைவிட மேல். சுவரின் நடு, அகலவாட்டு முதல் அலையின் பள்ளம். அங்கிருந்து அதைக் கிளப்ப முடியாது. முன்னும் பின்னும் எதிரெதிரே தள்ளுவதால் நீளவாட்டு முதல் அலையும் போய்விடும். இரண்டே பெட்டியில் இவ்வளவு. முக்கியமாக மிச்சம் நிற்பது நீளவாட்டில் இரண்டாவது அலை (69 ஹெர்ட்ஸ்). அதன் பள்ளம் சுவரிலிருந்து நீளத்தில் கால் பங்கில் விழும் என்பதால், சோபாவை பின்சுவரிலிருந்து 1.25 மீட்டரில் மட்டும் போடாதீர்கள்.

நான்கு வைத்தால்? ஹார்மன் ஆடியோ நிறுவனத்தின் ஆய்வாளர் டாட் வெல்டி 2002-இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு சுவர்களின் நடுவிலும் ஒவ்வொன்று என்ற அமைப்பு முன்னணியில் வந்தது. எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் இரண்டு என்பதும் அதற்கு வெகு அருகில் நின்றது. பக்கச்சுவர்களில் உள்ளவை அந்த 69 ஹெர்ட்ஸையும் எதிர்த்துத் தள்ளி அடக்கிவிடும். நான்கு மூலைகளில் வைத்தால் அது நடக்காது; பதிலுக்கு ஒலி பலமாகக் கிடைக்கும். பெரிய அறை, சின்ன சப்வூஃபர்கள் என்றால் மூலையையே எடுப்பேன். ஒரே வரிசை சோபாவுக்கு நான்கு தேவையே இல்லை.

சரி, இதெல்லாம் மூடிய செவ்வக அறைக்கு. ஒரு பக்கம் திறந்து கிடக்கும் ஹாலிலும் எல் வடிவ அறையிலும் இந்தக் கணக்கு உதவாது. அங்கே ஒலியியல் ஆய்வாளர் எர்ல் கெடஸ் சொல்லும் வழிதான் கைகொடுக்கும்: ஒன்று மூலையில், மற்றவை அதிலிருந்து விலகி, சமச்சீரே இல்லாமல் சிதறி. ஆனால் காதை நம்பி இதைச் செய்ய முடியாது. அளவு மைக், அறையின் ஒலியை அளந்து காட்டும் ஆர்இடபிள்யூ (REW) மென்பொருள், ஒவ்வொரு சப்வூஃபருக்கும் தனி லெவல், தனி டிலே (ஒலியைச் சற்றுத் தாமதப்படுத்தும் வசதி) எல்லாம் வேண்டும். ஒரு மாலை முழுக்க குமுறல் கேட்கும் பொறுமையும் வீட்டில் மற்றவர்களுக்கு வேண்டும்.

எந்த அமைப்பானாலும் ஈக்வலைசரைக் கடைசியில் தொடுங்கள். இருக்கைகளுக்குள் வேறுபாடு குறைந்த பிறகு மிஞ்சும் மேடுகள் எல்லா இடத்திலும் ஒன்றாகவே இருக்கும்; அவற்றை ஒரே வெட்டில் இறக்கிவிடலாம்.