வாளையாறு நால்வழியா, வால்பாறை நாற்பது வளைவா: பழைய டூரிங் பைக்கில் எது யாருக்கு?

பொள்ளாச்சி, கோவை, பாலக்காடு பக்கம் செகண்ட் ஹேண்டில் டூரிங் பைக் தேடுபவர்களிடம் சுற்றிச் சுற்றி மூன்று பெயர்கள்தான் வரும்: ராயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் 411, பஜாஜ் டோமினார் 400, கேடிஎம் 390 அட்வென்ச்சர். கூடவே ஒரு கிளைக் கேள்வியும் வரும். கேரள எண் வண்டி விலை குறைவாகக் கிடைக்கிறது, எடுக்கலாமா? மூன்றில் எது என்பதைவிட இந்தக் கிளைக் கேள்விக்குத்தான் பலர் பணம் கட்டி விடை தெரிந்துகொள்கிறார்கள்.

முதலில் சாலை. இங்கிருந்து கிளம்பும் வண்டி மூன்று விதமான வழிகளைச் சந்திக்கும். சேலம்–கொச்சி 544ஆம் எண் நெடுஞ்சாலையில் வாளையாறு தாண்டி, குதிரான் சுரங்கம் வழியாகத் திருச்சூர் வரை நேராக ஓடும் நால்வழி (வடக்கஞ்சேரிக்குப் பிறகு ஆறுவழி) ஒன்று. ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் இரண்டாவது. வால்பாறையிலிருந்து மலக்கப்பாறை, வாழச்சால் வழியாக அதிரப்பள்ளி இறங்கும் காட்டுவழி மூன்றாவது; குறுகலான சாலை, மழைக்காலத்தில் பாசி, நடுவில் மெக்கானிக் கடை கிடையாது. உங்கள் ஓட்டத்தில் எது அதிகமோ அதை வைத்தே வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குதிரைத்திறன் எண்ணைப் பார்த்து எடுப்பவர்கள் ஆறே மாதத்தில் விற்கும் பக்கம் வந்து நிற்கிறார்கள்.

ஹிமாலயன் 411

இதை ஆண்டு பார்த்து வாங்க வேண்டும். 2016இல் கார்புரேட்டரோடு வந்தது. 2017 கடைசியில் பிஎஸ்4 (புகை அளவு விதி), ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன். 2018இல் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு). 2020இல் பிஎஸ்6, பின் சக்கர ஏபிஎஸ்ஸை மட்டும் அணைத்து வைக்கும் வசதி அப்போது வந்தது. 2023 கடைசியில் 450 வந்ததும் இதன் கதை முடிந்தது. ஏபிஎஸ் இல்லாத ஆரம்பகால வண்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் மழை மலைச் சாலைக்கு வேண்டாம். 2020க்குப் பிந்தையதை எடுத்தால் பாதிக் கவலை இல்லை.

சக்தி 24.5 குதிரைதான். ஆனால் 32 நியூட்டன் மீட்டர் இழுவை 4,000–4,500 சுழற்சியிலேயே கிடைத்துவிடும். பின்னால் ஆளையும் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு வால்பாறை வளைவில் இரண்டாவது கியரில் திணறாமல் எழும். நால்வழியில் 90–100 வரை நிம்மதி, அதற்கு மேல் இழுத்தால் சத்தம்தான் கூடும். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை எதிர்த்து மீனாட்சிபுரம் பக்கம் போனால் ஐந்தாவது கியர் தாங்காது, நான்கிற்கு இறக்க வேண்டியிருக்கும். முன் பிரேக்கின் பிடியும் கொஞ்சம் மந்தம்.

பழைய வண்டியில் பார்க்க வேண்டியது முதலில் கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்பும் கழுத்து பேரிங். இதில் சென்டர் ஸ்டாண்ட் இருப்பதால் சோதிப்பது எளிது: ஸ்டாண்ட் போட்டு, பின்னால் ஒருவர் அழுத்த, முன் சக்கரம் தரையை விட்டு எழும்பும். ஹேண்டிலை ஒரு விரலால் இடமும் வலமும் மெல்லத் திருப்புங்கள். நேர் நிலையில் ‘டிக்’ என்று பள்ளத்தில் உட்காருவதுபோல் நின்றால் கோன் செட் போய்விட்டது. ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் கடகடத்தாலும் அதே கதைதான். அடுத்து, 2016–17 வண்டியானால் ஹேண்டில் கழுத்துப் பக்கமும் பின் ஷாக் லிங்க் பக்கமும் வெல்டிங்கை டார்ச் அடித்துப் பாருங்கள். புதிய பெயின்ட் திட்டாகத் தெரிந்தால் ‘ஏன்?’ என்று கேளுங்கள்.

ஸ்போக்குகளை ஒரு சின்ன ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். எல்லாம் ஒரே மாதிரி ‘டிங்’ என்று ஒலிக்க வேண்டும். நடுவில் ஒன்று ‘டொக்’ என்றால் தளர்ந்திருக்கிறது. நாலைந்து அப்படியானால் ரிம் எங்கோ அடி வாங்கியிருக்கிறது.

ஸ்போக் சக்கரம் என்றால் டியூப் டயர். வாங்குபவர்கள் இதைச் சாதாரணமாகத் தாண்டிவிடுகிறார்கள். மலக்கப்பாறைக் காட்டில் டோமினாரோ கேடிஎம்மோ பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்ற வேண்டாம்: ஆணியைப் பிடுங்கி, ஓட்டையை அரத்தால் சுரண்டி, ரப்பர் திரியைச் செருகி, காற்று அடித்துக் கிளம்ப பத்து நிமிடம். ஹிமாலயனில் சக்கரத்தைக் கழற்றி, டயரின் ஒரு ஓரத்தை லீவரால் எடுத்து, டியூபை உருவி, ஒட்டி, திரும்ப மாட்டும்போது லீவரால் டியூபைக் கிள்ளிவிடாமல் பார்க்க வேண்டும். பழகிய கைக்கே முக்கால் மணி நேரம். ஆகவே ஹிமாலயன் எடுப்பவர் 21 அங்குலத்திலும் 17 அங்குலத்திலும் ஒவ்வொரு டியூப், லீவர் மூன்று, இரண்டு அச்சுக்கும் பொருந்தும் ஸ்பேனர், கைப்பம்பு ஆகியவற்றையும் வண்டியின் விலையிலேயே சேர்த்துக்கொள்ளலாம். ஒரே ஆறுதல், உடுமலை, ஆனைமலை, கொழிஞ்சாம்பாறை என்று எங்கு போனாலும் டியூப் பஞ்சர் ஒட்டத் தெரிந்த கடை ஒன்று இருக்கும். டேப்பட் அட்ஜஸ்ட்மென்ட்டும் (வால்வு இடைவெளியைச் சரிசெய்வது) திருகும் நட்டுமாக எளியதுதான். என்ஃபீல்டில் பழகிய மெக்கானிக் செய்துவிடுவார்.

டோமினார் 400

நால்வழிக்காரருக்கு இதுதான். 2016 டிசம்பரில் 35 குதிரையோடு வந்த முதல் மாடல் வேறு, 2019இல் இரட்டை கேம் ஷாஃப்ட், 40 குதிரை, தலைகீழ் ஃபோர்க்கோடு வந்தது வேறு. செகண்ட் ஹேண்டில் 2019க்குப் பிந்தையதைத்தான் தேட வேண்டும். 2021 கடைசியிலிருந்து உயரக் கண்ணாடி, கைக்காப்பு, கேரியர், அடித்தட்டு எல்லாம் கம்பெனியிலேயே மாட்டி வந்தன. அவை இருந்தால் தனியாகச் செலவில்லை.

வாளையாறு–வடக்கஞ்சேரி ஓட்டத்தில் 110இல் ஆறாவது கியரில் அலட்டாமல் போகும். ஆனால் தரை இடைவெளி 157 மில்லிமீட்டர்தான்; ஹிமாலயனில் 220, கேடிஎம்மில் 200. காட்டுவழிக் குழிகளில் ஆளும் பெட்டியுமாக இறங்கினால் அடியில் உரசும். அதனால் வண்டியைப் பார்க்கும்போது தரையில் குனிந்து அடித்தட்டையும் ஆயில் ட்ரெயின் போல்ட்டையும் பாருங்கள். நசுங்கல் சொல்லும் கதையை விற்பவர் சொல்லமாட்டார்.

ஆரம்பகால டோமினாரில் கோன் செட் சீக்கிரம் போவது தெரிந்த குறை. சென்டர் ஸ்டாண்ட் இல்லாததால், சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் பேடாக் ஸ்டாண்ட் உள்ள கடையில் வைத்துப் பார்ப்பது நல்லது. பின் டயர் 150/60. தேய்ந்திருந்தால் பெரிய செலவு, அதைச் சொல்லி விலை குறையுங்கள். டயர் ஓரத்தில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2219 என்றால் 2019ஆம் ஆண்டின் 22ஆம் வாரம் தயாரானது. பூ (டயரின் வரிப்பள்ளம்) போகாமல் இருந்தாலும் ஐந்து வருடம் தாண்டிய ரப்பர் ஈரச் சாலையில் பிடிக்காது.

390 அட்வென்ச்சர்

மூன்றிலும் ஓட்ட இன்பமானது இதுதான், சந்தேகமில்லை. 2020 ஜனவரியில் வந்தது, 43.5 குதிரை, ட்ராக்‌ஷன் கன்ட்ரோல், மூன்றில் எடை குறைந்ததும் இதுதான். ஆனால் இருக்கை உயரம் 855 மில்லிமீட்டர். மற்ற இரண்டும் 800. ஐந்தரை அடி ஆள் பெட்டியோடு ஈர வளைவில் நிற்க நேர்ந்தால் ஒற்றைக் காலின் நுனியில்தான் தாங்க வேண்டும்.

அலாய் சக்கரம் குழியில் வளைவது இதில் பார்க்க வேண்டிய முதல் விஷயம். முன் சக்கரத்தைச் சுழலவிட்டு, ரிம் ஓரத்துக்கு அருகே பேனா முனையை அசையாமல் பிடித்துப் பாருங்கள், இடைவெளி மாறினால் வளைவு இருக்கிறது. டியூப்லெஸ் ஆனதால் வளைந்த இடத்தில் காற்று மெல்ல இறங்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து கூலன்ட்டைப் பாருங்கள். துரு நிறமானால் கூலன்ட்டுக்குப் பதில் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். பால் கலந்த காப்பிபோல் இருந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்பட்டு, அங்கேயே வணக்கம் சொல்லிக் கிளம்பிவிடலாம். இதன் வால்வு இடைவெளிக்கு ஷிம் (அளவெடுத்த சின்னத் தகடு) மாற்ற வேண்டும், மின்னணுக் கோளாறுக்குக் கணினி மாட்ட வேண்டும். முழு சர்வீஸ் பில்லும், வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் சர்வீஸ் சென்டரும் இருந்தால் எடுங்கள். இரண்டில் ஒன்று இல்லை என்றாலும் வேண்டாம்.

மைலேஜ் மூன்றிலும் முப்பதை ஒட்டித்தான். டேங்க் 15, 13, 14.5 லிட்டர். அதை வைத்து முடிவெடுக்க ஒன்றுமில்லை.

ஒன்பதாவது வளைவு வரை

எந்த வண்டியானாலும் தெருவைச் சுற்றி வருவது சோதனை ஆகாது. போனதும் முதலில் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த ஸ்டார்ட்டில் வரும் தொந்தரவை மறைக்க நீங்கள் வருமுன் ஓட்டியிருக்கிறார்கள். ஆறவிடச் சொல்லிக் காத்திருங்கள். பிறகு விற்பவரையே பின்னால் ஏற்றிக்கொண்டு, ஆழியாறிலிருந்து ஒன்பதாவது வளைவில் இருக்கும் லோம்ஸ் காட்சிமுனை வரை ஏறி இறங்குங்கள். ஏற்றத்தில் உயர் கியரில் ஆக்ஸிலேட்டரை முறுக்கும்போது சுழற்சி மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் பிளேட் முடிந்துவிட்டது. மேலே நிறுத்தி ஓடவிடுங்கள்: டோமினாரிலும் கேடிஎம்மிலும் ரேடியேட்டர் ஃபேன் ஓடுகிறதா, கேளுங்கள். இறக்கத்தில் பிரேக் லீவர் துடித்தால் டிஸ்க் வளைந்திருக்கலாம். பஞ்சுபோல் உள்ளே போனால் ஃப்ளூயிட் பழையது. கீழே வந்ததும் ஃபோர்க் குழாயை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள், எண்ணெய் வளையம் ஒட்டினால் ஆயில் சீல் போயிருக்கிறது. பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைக்கோடியில் செயினை வெளிப்பக்கம் இழுங்கள். பாதிப் பல் தெரிந்தால் செயின் கிட் மொத்தமும் மாற்ற வேண்டும், செயினை மட்டும் மாற்றினால் புதுச் செயினையும் பழைய பல் தின்றுவிடும்.

வண்டி விலையில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வைத்துவிட்டுத்தான் பேரம் பேச வேண்டும். டயர், செயின் கிட், பேட்டரி, பிரேக் பேட், கோன் செட் என்று முதல் மூன்று மாதத்தில் அது போய்விடும்.

கேஎல் எண்ணா, டிஎன் எண்ணா

கேஎல்-70 சித்தூர், கேஎல்-09 பாலக்காடு வண்டிகள் ஓடியது பெரும்பாலும் நம்ம கோபாலபுரம், வேலந்தாவளம் சாலைகளிலேயே, பயமில்லை. கேஎல்-04 ஆலப்புழை, கேஎல்-07 எர்ணாகுளம் என்றால் கடற்காற்றும் மழையும். சைலன்சர் அடி, ஸ்போக் நுனி, ஸ்விங் ஆர்ம் போல்ட், பேட்டரிப் பெட்டி ஆகிய இடங்களில் துருவைத் தேடுங்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்கு முன் பதிவான வண்டியானால் சீட்டைக் கழற்றி ஒயரிங் கனெக்டர் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே நுண்ணிய வண்டலோ பச்சைக் களிம்போ இருந்தால் அது தண்ணீரில் நின்ற வண்டி. வாட்டர் வாஷில் வெளிச்சேறு போகும், கனெக்டருக்குள் இருப்பது போகாது.

காகிதத்தில் வரிசை முக்கியம். கடன் இருந்திருந்தால் முதலில் படிவம் 35ஐயும் வங்கிக் கடிதத்தையும் கொடுத்து ஆர்சியிலிருந்து ஹைப்போதிகேஷனை (வண்டி மீதான கடன் பதிவு) நீக்க வேண்டும். பிறகு நிலுவை இ-சலான். 2023 ஜூன் முதல் கேரளத்தில் ஏஐ கேமரா அபராதம் ஓடுகிறது. ஹெல்மெட் இல்லாத ஒரே பயணத்துக்கு நான்கு சலான் வந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. அது தீர்ந்த பின் அங்குள்ள ஆர்டிஓவில் படிவம் 28, அதாவது என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற சான்று). அதன் பிறகு பொள்ளாச்சி டிஎன்-41 அலுவலகத்தில் 29, 30, 27 படிவங்கள், வண்டியை நேரில் காட்டுதல், வண்டியின் வயதுக்கேற்ற ஆயுள் வரி, புது எண். வெளிமாநில எண்ணோடு 12 மாதம் ஓட்டலாம் என்பது பதிவு எண்ணுக்கான விதி. வரிக்கு அதே சலுகை என்று நினைத்து மாட்டிக்கொள்ளாதீர்கள். அங்கே கட்டிய வரியின் மிச்சத்தைத் திரும்பக் கேட்கலாம், ஆனால் அது யாருக்குச் சேரும் என்பதை விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். ஹிமாலயன்களில் வெளிச் சைலன்சர், கூடுதல் விளக்கு மாட்டியிருப்பது வழக்கம். கழற்றி வைத்த கம்பெனி சைலன்சரையும் கேட்டு வாங்குங்கள், ஆய்வில் அதைத்தான் பார்ப்பார்கள்.

ஆக, கேரள வண்டியின் விலைக் குறைவு இங்கே கட்டும் வரியையும் இரண்டு மூன்று அலைச்சலையும் தாண்டி மிச்சம் வைக்க வேண்டும். ஐயாயிரம் ரூபாய் குறைவு என்பதற்காக எடுத்தால் கணக்கில் நஷ்டம். உள்ளூர் டிஎன் வண்டிக்கு அந்த ஐயாயிரத்தைக் கூடுதலாகக் கொடுத்துவிடலாம்.

வால்பாறை, நெல்லியாம்பதி என்று மலையே கதியென்று இருப்பவருக்கு 2020க்குப் பிந்தைய ஹிமாலயன். மாதம் இரண்டு முறை கொச்சி போகிறவருக்கு 2019க்குப் பிந்தைய டோமினார். சர்வீஸ் பில் கட்டு கையில் வரும்வரை 390 பக்கம் போக வேண்டாம்.

முழுப் பணத்தையும் ஒரே நாளில் கொடுக்காதீர்கள். ஒரு பகுதியை ஆர்சி உங்கள் பெயருக்கு மாறும்வரை நிறுத்தி வையுங்கள். வண்டி கைமாறிய தேதி, நேரம், கிலோமீட்டர் மூன்றையும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அதற்கு முந்தைய சலான் விற்றவருடையது, பிந்தையது உங்களுடையது. பெயர் மாறிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் மாற்றிவிடுங்கள். விற்றவரின் நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் கேட்காத வருடங்களுக்கான தள்ளுபடி) அவரோடு போய்விடும் என்பதால் ஒரு சிறு தொகை கூடுதலாகக் கட்டச் சொல்வார்கள்.