மீனும் சிப்பியும்: ஒரே குளமா, அடுத்தடுத்த குளமா?

கடலோர உப்புச் சதுப்பில் மீனோடு சிப்பியையும் வளர்க்க நினைப்பவருக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. மீன் நீந்தும் குளத்திலேயே சிப்பிக் கூடைகளை வைக்கலாம். இல்லையென்றால் மீன் குளத்து நீரை அடுத்த குளத்துக்கு விட்டு, சிப்பியை அங்கே வளர்க்கலாம்.

மீனை மட்டும் நெருக்கமாக வளர்ப்பதும் ஒரு வழிதான். ஆனால் தீவனத்தில் உள்ள நைட்ரஜனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மீனின் உடலில் தங்குகிறது. மிச்சமெல்லாம் நீரில்தான், அதிலும் பெரும்பகுதி செவுள் வழியாக அமோனியாவாகக் கரைகிறது. அந்த நீரை அப்படியே ஓடையில் திறந்துவிட்டால் பாதிக்கப்படுவது சுற்றியுள்ள சதுப்பு. விளைச்சல் எவ்வளவு வந்தாலும் அதை நல்ல வழி என்று என்னால் சொல்ல முடியாது.

சிப்பிக்குத் தீவனமே வேண்டாம். நீரை வடிகட்டி நுண்பாசியைத் தின்று வளர்கிறது. அமெரிக்கக் கிழக்குக் கரைச் சிப்பி ஒன்று, உகந்த சூழலில், ஒரு நாளைக்கு 190 லிட்டர் வரை வடிகட்டும் என்பது கணக்கு. ஆனால் கரைந்த அமோனியாவை அதனால் நேரடியாக உண்ண முடியாது. முதலில் நுண்பாசி அமோனியாவை எடுத்து வளர வேண்டும், பிறகுதான் சிப்பி அந்தப் பாசியைத் தின்னும். இதற்கு வெயிலும் வேண்டும், நீர் தங்கிப் போகும் நேரமும் வேண்டும். இரண்டு வழிகளும் பிரிவது இங்கேதான்.

ஒரே குளம் என்றால் நிலம் மிச்சம், கரையும் மதகும் குறைவு. சிக்கல் மீனிடமிருந்தே வருகிறது. ஐரோப்பாவில் அதிகம் வளர்க்கப்படும் கில்ட்ஹெட் ப்ரீம், ஓட்டை நொறுக்கிச் சிப்பியையும் மட்டியையும் தின்னும் மீன். அதனிடமிருந்து காக்க வலைக்கூடை வேண்டும். கூடையின் கண்களைப் பாசி அடைத்துக்கொண்டால் நீரோட்டம் நின்று, உள்ளே சிப்பி பட்டினி கிடக்கும். ஓயாமல் சுத்தம் செய்துகொண்டே இருக்க வேண்டும். இன்னொன்று, விடியலுக்கு முந்தைய நேரம். இரவில் பாசியும் ஆக்சிஜனை உறிஞ்சும், மீனும் சிப்பியும் கூடவே உறிஞ்சும். கோடையில் சூடான நீரில் ஏற்கெனவே ஆக்சிஜன் குறைவு என்பதால் மூன்றும் ஒன்றாக இருப்பது ஆபத்து.

மடவை மீன் என்றால் கதை வேறு. சேற்றில் படிந்த பாசியையும் மக்கலையும் தின்பது, சிப்பியை உடைக்காது. தீவனம் குறைவாக இட்டு மடவை வளர்ப்பவருக்கு ஒரே குளம் தாராளமாகப் போதும்.

தீவனம் இட்டு ப்ரீம் போன்ற மீனை வளர்ப்பவருக்கு நான் அடுத்தடுத்த குளங்களையே சொல்வேன். கழிவின் கனமான பகுதி நடுவில் உள்ள வாய்க்காலில் படிந்துவிடும். பாசி வளர இடைவெளி கிடைக்கும். மீனுக்கு மருந்து கொடுக்க நேர்ந்தால் இடையில் உள்ள மதகை மூடிவிடலாம். சதுப்புக் குளத்துப் பாசியே சிப்பியைக் கொழுக்க வைக்கும் என்பதற்குப் பிரான்சின் மரென்–ஒலெரோன் பகுதி சான்று. அங்கே பழைய உப்பளங்களையே ஆழமற்ற குளங்களாக்கிச் சிப்பிகளை விடுகிறார்கள். ஹாஸ்லியா என்ற நுண்பாசியின் (டயாட்டம் வகை) நிறமியால் சிப்பியின் செவுள் பச்சையாகிறது, அந்தச் சிப்பிக்குத் தனி மதிப்பும் உண்டு.

இதில் குறை, இடம் அதிகம் வேண்டும் என்பது. அதற்காகப் புதிதாகச் சதுப்பை வெட்டக் கூடாது. ஸ்பெயினின் காடிஸ் வளைகுடாவில் உப்பளத்தின் நீர்த்தேக்கக் குளங்களிலேயே, கடல் ஏற்றத்தோடு வரும் மீன்குஞ்சுகளை மதகு வைத்து மடக்கி வளர்க்கும் பழைய வழக்கம் உண்டு. கைவிடப்பட்ட உப்பளம் கிடைத்தால் கரையும் வாய்க்காலும் பெரும்பாலும் தயாராகவே இருக்கும்.

எந்த வழியானாலும் முதலில் பார்க்க வேண்டியது மேல்பக்கம் சாக்கடை கலக்கிறதா என்பது. சிப்பி வடிகட்டும்போது கிருமிகளும் அதன் உடலில் சேரும். சிப்பி விளையும் கடற்பகுதிகளை ஐரோப்பிய ஒன்றியம் தரம் பிரிப்பதே சதையில் உள்ள ஈ. கோலை என்ற குடல் பாக்டீரியாவின் அளவை வைத்துத்தான். அப்புறம், ஆழமற்ற குளத்தில் கோடையில் நீர் ஆவியாகி, உப்பு கடலைவிட ஏறும். புது நீரை உள்ளே விட முடியாத குளத்தில் இருக்கும் சிப்பியை அந்த மாதங்களுக்கு முன்பே எடுத்துவிடுவது நல்லது.